வெள்ளாட்டுப் பால் தண்ணியாக இருக்கிறதா? தீவனத்தைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில் அடைமழை விட்ட நேரம். குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பட்டிக்குத் தினமும் பால் வாங்க வரும் அக்கா, தூக்குப்போசியை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, ஒரு வாரமா பால் தண்ணியாட்டம் இருக்குது? டீ போட்டா நெறமே மாற மாட்டேங்குது."

நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. வெட்கமாகவும் இருந்தது. காரணம் தேடிப் பட்டிக்குள் போனால் காலடியிலேயே கிடந்தது. புழுக்கை உருண்டையாக இல்லாமல் கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தது. மழைக்கு முளைத்த இளம்புல்லை ஆடுகள் வயிறு முட்ட மேய்ந்திருந்தன. பச்சை நிறையக் கிடைக்கிறதே என்று நாங்களும் காய்ந்த கடலைக்கொடி போடுவதை நிறுத்திவிட்டோம். பால் அளவு கொஞ்சம் கூடியிருந்தது, கொழுப்பு இறங்கியிருந்தது. கடலைக்கொடியையும் பலாத்தழையையும் மறுபடி சேர்த்தோம். பத்து நாளில் அந்த அக்காவே "இப்பச் சரியா இருக்குதுங்க" என்றார்.

பால் கெட்டியாக வேண்டும் என்றால் பெரும்பாலோர் முதலில் ஓடுவது தீவனக் கடைக்கு. நானும் அப்படித்தான் ஓடினேன். மூட்டைத் தீவனம் லிட்டரைக் கூட்டும். கொழுப்பில் பெரிய பங்கு வருவது தழையிலும் கொடியிலும் இருக்கும் நாரிலிருந்து. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் தானாகப் புரியும்.

தொடங்கும் முன்: பாலில் எது மாறும், எது மாறாது

வெள்ளாட்டுப் பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். மீதியில் கொழுப்பு பெரும்பாலும் 3.5 முதல் 4.5 சதவீதம், புரதம் 3 முதல் 3.5 சதவீதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை நாலரைக்குப் பக்கம், அப்புறம் தாது உப்புகள்.

இவற்றில் தீவனத்துக்கு உடனே அசைந்து கொடுப்பது கொழுப்பு. ஒரு வாரத்திலேயே ஏறவோ இறங்கவோ செய்யும். புரதம் கொஞ்சம்தான் அசையும். லாக்டோஸ் ஏறக்குறைய அசையாது. ஏனென்றால் மடிக்குள் தண்ணீரை இழுத்துவருவதே லாக்டோஸ்தான். லாக்டோஸ் அதிகம் உற்பத்தியானால் தண்ணீரும் அதே கணக்கில் வந்து லிட்டர் கூடும், சதவீதம் அப்படியே நிற்கும்.

இது எங்கே முடிவாகிறது என்றால், ஆட்டின் அசை போடும் வயிற்றில். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைக்கின்றன. நார் புளிக்கும்போது அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் அதிகம் உண்டாகும். மடி இவற்றைக் கொண்டுதான் பால் கொழுப்பைச் செய்கிறது. மக்காச்சோளம், மரவள்ளி போன்ற மாவுச்சத்து புளிக்கும்போது புரோப்பியோனிக் அமிலம் அதிகமாகும். அது கல்லீரலில் குளுக்கோஸாகி, குளுக்கோஸ் லாக்டோஸாகி, லிட்டரைக் கூட்டும். அதனால் தழை குறைந்து தானியம் ஏறினால் பால் கூடும், கொழுப்புச் சதவீதம் இறங்கும். பசுவுக்கு இந்த இறக்கம் சட்டென்று வரும், வெள்ளாடு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனால் தப்பிப்பதில்லை.

சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 4.2 சதவீதக் கொழுப்போடு 1.2 லிட்டர் கறக்கும் ஆடு ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு தருகிறது. 3.4 சதவீதத்தில் 1.6 லிட்டர் கறந்தால் 54 கிராம். பால் இரண்டாவதில் தண்ணியாகத் தெரிந்தாலும் ஆடு அதிகமாகத்தான் உழைக்கிறது. பாலாக விற்பவருக்கும் பன்னீர் போடுபவருக்கும் வேண்டியது வேறு வேறு. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்துக் கொழுப்பைச் சொல்ல முடியாது. வெள்ளாட்டுப் பாலில் அது இன்னும் சிரமம். இதன் கொழுப்புத் துளிகள் சிறியவை, பசும்பாலில் போல ஒன்றோடொன்று சேர்ந்து சீக்கிரம் மேலே மிதந்து வராது. பச்சைப்பாலை இரவு முழுக்க வைத்தும் மேலே ஏடு கட்டவில்லை என்றால் கொழுப்பு இல்லை என்று அர்த்தமில்லை. மஞ்சள் நிறம் இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். பச்சைத்தழையில் உள்ள கரோட்டினை வெள்ளாடு வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் பால் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

சரியான வழி கெர்பர் சோதனை. அமிலம் ஊற்றிச் சுழற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையைப் பல பால் சங்கங்களில் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் எண் காட்டும் எந்திரம் என்றால் ஒரு எச்சரிக்கை: பசும்பாலுக்கு அமைத்த எந்திரம் ஆட்டுப்பாலில் தப்புக் காட்டலாம். ஆட்டுப்பாலுக்கான அமைப்பு அதில் உண்டா என்று விசாரியுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். முதல் நாலு பீச்சில் பிடித்த பால் மாதிரி ஆகாது. கறவையின் கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். முழுவதும் கறந்து, மெதுவாகக் கலக்கி, அதிலிருந்து எடுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் எடுங்கள். இரவு இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் அதிகம், கொழுப்பு குறைவு. மாலையில் நேர்மாறு.

சோதனைக்கு வசதி இல்லையா? நான் வீட்டில் செய்வது இதுதான். ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, எப்போதும் ஒரே அளவு எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டி, ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, கிடைக்கும் பன்னீரை எடை போடுவேன். கொழுப்பும் கேசின் என்னும் பால் புரதமும் சேர்ந்த எடை கிடைக்கும். ஆய்வகத் துல்லியம் இருக்காது. ஆனால் 15 நாளுக்கு ஒரு தடவை அதே முறையில் செய்தால் போக்கு தெரியும்.

படி 2: தீவனம் அல்லாத காரணங்களைக் கழித்துவிடுங்கள்

இனம் முதல் காரணம். நம் சேலம் கருப்பு கறிக்கான ஆடு. அதன் பால் குட்டிக்குப் போதும், விற்பனைக்கு எதிர்பார்க்கக் கூடாது. தலைச்சேரி, ஜமுனாபாரி, பீட்டல், இவற்றின் கலப்புதான் இங்கே பாலுக்கு வைத்திருப்பவை. சானன் நிறையக் கறக்கும், கொழுப்பு குறைவாக இருக்கும். இதைத் தீவனத்தால் மாற்ற முடியாது.

அடுத்தது கறவைக் காலம். குட்டி போட்ட புதிதில் ஆடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பாலில் விடும், அதனால் சதவீதம் ஏறி நிற்கும். பால் உச்சத்துக்குப் போகும்போது இறங்கும். கறவை முடியப்போகும்போது மறுபடி ஏறும். முதல் மாதத்தில் கொழுப்பு மிக அதிகமாகவும் புரதம் குறைவாகவும் இருந்து, ஆடு அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) முகர்ந்துவிட்டு ஒதுக்கினால் சந்தோஷப்படாதீர்கள். அது உடம்பை உருக்கிக்கொண்டிருக்கிறது, கீட்டோசிஸ் நோயின் வாசல் அது. மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மடிநோயையும் கழிக்க வேண்டும். பால் லேசாக உப்புக் கரித்தால், கறுப்புத் துணியில் முதல் பீச்சை விட்டுப் பார்த்ததும் திரி திரியாகத் தெரிந்தால், மடியின் ஒரு பக்கம் சூடாக இருந்தால், தீவனத்தைத் தொட வேண்டாம், சிகிச்சை பாருங்கள். மடி வீங்கினால் லாக்டோஸ் குறைந்து உப்பு கூடும்.

படி 3: நாரைச் சரி செய்யுங்கள்

மதியம் ஆடுகள் படுத்திருக்கும் நேரத்தில் பட்டி ஓரம் ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள். பேசாமல் பாருங்கள். தாடை பக்கவாட்டில் அரைக்கும். அப்புறம் ஒரு கணம் நிற்கும். தொண்டையில் ஓர் உருண்டை கீழே இறங்குவது தெரியும். இரண்டு மூச்சு. அடுத்த உருண்டை மேலே ஏறி வரும். மறுபடி தாடை அரைக்கும். படுத்திருக்கும் பத்து ஆட்டில் குறைந்தது ஆறு இப்படி அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மூன்றுதான் போடுகின்றன என்றால் நார் போதவில்லை, அல்லது தீவனத்தை அளவுக்கு மீறிப் பொடியாக நறுக்கிவிட்டீர்கள்.

அசை போடும்போது ஊறும் எச்சில்தான் வயிற்றுப் புளிப்பைத் தணிக்கிறது. புளிப்பு ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், கொழுப்புக்கான மூலப்பொருள் நின்றுவிடும். அதனால் சோளத்தட்டையையும் கொடியையும் ஒரு விரல் அகலத்துக்குக் குறையாமல் நறுக்குங்கள். எந்திரத்தில் தூளாக்க வேண்டாம்.

அளவு எப்படி என்று ஒரு கணக்கு போடலாம். கறவை ஆடு தன் எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை உலர்பொருளாகச் சாப்பிடும். உலர்பொருள் என்றால் தண்ணீரைக் கழித்த எடை. பச்சைப் புல்லில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், மரத்தழையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, காய்ந்த கொடியிலும் தானியத்திலும் 90 சதவீதம். 40 கிலோ எடையில் ஒன்றரை லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு நான் போடுவது: தழை 3 கிலோ, கடலைக்கொடி 300 கிராம், அடர்தீவனம் 600 கிராம். உலர்பொருளாக 900, 270, 540 என்று மொத்தம் 1,710 கிராம் வருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனம். எந்த நிலையிலும் இது பாதிக்குக் கீழே போகக் கூடாது.

மழைக்கால இளம்புல் இந்தக் கணக்கைத்தான் ஏமாற்றுகிறது. வயிறு நிறையும். ஆனால் உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீரும் சீக்கிரம் கரையும் புரதமும். மேய்ச்சலுக்கு விடும் முன் காலையில் இரண்டு கைப்பிடி காய்ந்த கொடியோ சோளத்தட்டையோ போட்டுவிட்டு ஓட்டுங்கள். எங்கள் பட்டியில் பாலைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான்.

படி 4: தழையைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளாடு புல்லைவிடத் தழையை விரும்பும். தலையை அண்ணாந்து, முன்னங்காலைத் தூக்கி வைத்துக் கடிக்கத்தான் அதன் உடம்பு அமைந்திருக்கிறது. ஒடித்த கிளையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள், வீணாவது பாதியாகக் குறையும்.

நம் அடிவாரத்தில் அகத்தி, முருங்கை, வேலிமசால், கிளைரிசிடியா, சவுண்டல் என்னும் சூபாபுல் எல்லாம் புரதம் நிறைந்தவை. வேலிமசாலை ஒரு தடவை விதைத்தால் பல வருடம் அறுக்கலாம், கொஞ்சத் தண்ணீரிலும் தாக்குப் பிடிக்கும். இடம் இருப்பவர்கள் முதலில் இதைப் போடுங்கள். கிளைரிசிடியாவை ஆடு முதலில் வாசனைக்கு ஒதுக்கும். ஒடித்து அரை நாள் வாடவிட்டால் பழகிக்கொள்ளும். சூபாபுலில் மைமோசின் என்னும் நச்சு உண்டு. மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

பலா, ஆல், அத்தி, வாகை இவை நடுத்தரப் புரதமும் நல்ல நாரும் உள்ளவை. கொழுப்புக்கு என் முதல் நம்பிக்கை பலாத்தழை. ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி படரவும் நிற்கும் பலாவை ஒடித்துவர வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டு போங்கள்: மருந்து எப்போது அடித்தார்கள்? மழைக்கு முன் மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் போர்டோ கலவை தெளிப்பார்கள், அதில் மயில்துத்தம் என்னும் தாமிர உப்பு இருக்கிறது. இலையில் நீலம் பூத்தாற்போலப் படிந்திருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். தெளித்து நல்ல மழை சில தடவை பெய்து கழுவிய பிறகு ஒடித்தால் போதும்.

வெள்வேல் காயும் கருவேல் காயும் கோடையில் தெய்வம் மாதிரி. மாசி, பங்குனியில் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டி வைப்போம். இவற்றில் உள்ள துவர்ப்பு, டானின், அளவோடு இருந்தால் நல்லதே செய்யும். புரதம் முதல் வயிற்றிலேயே சிதைந்து வீணாகாமல் கொஞ்சம் காப்பாற்றும். அளவு மீறினால் செரிமானத்தைக் கட்டிவிடும். ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம்.

தொடக்கூடாதவை மூன்று. மலைச்சரிவு முழுக்கப் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். ஆடு தானாக மேயும்போது தவிர்த்துவிடும், நாம் அறுத்த கட்டில் கலந்து வந்தால் தின்றுவிடும். அரளி ஒரு கைப்பிடி போனாலே உயிருக்கு ஆபத்து. தண்ணீர் இல்லாமல் வாடிக் குறுகிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு நச்சு ஏறியிருக்கும். பூக்கும் வரை பொறுத்து அறுங்கள்.

பச்சைத்தழை தின்னும் ஆட்டின் பாலில் ஒமேகா 3 வகைக் கொழுப்பும் வைட்டமின் இ-யும் மூட்டைத் தீவனம் தின்னும் ஆட்டின் பாலைவிட அதிகம். சதவீதக் கணக்கில் இது தெரியாது. குழந்தைக்குப் பால் வாங்க வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

படி 5: அடர்தீவனத்தை அளந்து வையுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் சரக்கு எடுத்து வீட்டில் கலப்பது என் வழக்கம். 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப்புண்ணாக்கு 15, கோதுமைத் தவிடு 20, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 10, பருத்திக்கொட்டை 12, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. புரதம் 16, 17 சதவீதத்துக்குப் பக்கம் நிற்கும். புரதத்தழை இல்லாமல் வெறும் புல்லும் தட்டையும்தான் என்றால் புண்ணாக்கை 20 ஆக்கி மக்காச்சோளத்தை 35 ஆக்குங்கள்.

ஒரு லிட்டர் பாலுக்கு 400 கிராம் கணக்கு. ஒரே நேரத்தில் 300 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள், இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். முதலில் தழை அல்லது கொடி, அது கொஞ்சம் உள்ளே போனதும் அடர்தீவனம். வெறும் வயிற்றில் மாவு விழுந்தால் புளிப்பு சட்டென்று ஏறும்.

புண்ணாக்கு கூடினால் பால் புரதம் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குறைவாக இருந்த இடத்தில் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் கூடும். அதற்கு மேல் கொட்டினால் மிச்சப் புரதம் யூரியாவாகிச் சிறுநீரிலும் பாலிலும் போய்விடும். பட்டியில் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். பால் புரதத்தைத் தூக்குவது பெரும்பாலும் எரிசக்திதான். நுண்ணுயிர்கள் பெருக மாவுச்சத்து தேவை, அந்த நுண்ணுயிர்களே செரிக்கப்பட்டு ஆட்டுக்குப் புரதமாகின்றன. புரதம் குறைவாக இருந்து ஆடும் மெலிந்திருந்தால் புண்ணாக்கைத் தொடாமல் மக்காச்சோளத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

மீந்த சோறு பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சில வருடம் முன் பக்கத்தில் ஒரு விசேஷம். நல்ல மனதோடு ஒருவர் மீந்த சோற்றைக் கொண்டுவந்து எங்கள் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனார், நாங்கள் வீட்டில் இல்லை. சாயங்காலம் வந்தால் எங்கள் நல்ல கறவை ஒன்று இடது வயிறு தொளதொளவென்று தண்ணீர் நிறைந்தது போல உப்பிப் படுத்துக் கிடந்தது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் ராத்திரியே வந்ததால் பிழைத்தது. ஒன்றரை லிட்டர் கறந்த ஆடு 200 மில்லிக்கு இறங்கி, அந்தக் கறவை முழுக்கப் பழைய நிலைக்கு வரவே இல்லை. சோறு, கஞ்சி, இட்லி மாவு எதுவானாலும் ஆட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் காட்டாதீர்கள், உறவுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

படி 6: மரவள்ளியைப் புரிந்து பயன்படுத்துங்கள்

சேலத்தில் ஆடு வளர்ப்பவருக்கு மரவள்ளி ஒரு வரம். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மாவு பிழிந்தபின் மிஞ்சும் திப்பி மலிவாகக் கிடைக்கிறது. மாவுச்சத்து இன்னும் அதில் நிறைய இருக்கிறது, புரதம் மிகக் குறைவு. மக்காச்சோளத்தில் பாதியை எடுத்துவிட்டு உலர்ந்த திப்பி சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது புண்ணாக்கை 3, 4 கிலோ ஏற்றுங்கள், அல்லது அகத்தியையும் வேலிமசாலையும் கூட்டுங்கள். வெறும் திப்பியை மட்டும் அள்ளி வைத்தால் பால் கொஞ்ச நாள் கூடும், கொழுப்பும் புரதமும் இரண்டும் இறங்கும், ஆடு மெலியும்.

ஈரத் திப்பியை வாங்கினால் அன்றே களத்தில் பரப்பிக் காயவைத்துவிடுங்கள். இரண்டு நாள் மூட்டையில் கிடந்தால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நச்சு உண்டு. பச்சையாகப் போடாதீர்கள். தோலை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில், நொறுங்கும் பதத்துக்குக் காயவையுங்கள். இலையையும் நறுக்கிக் காயவைத்தால் நச்சு பெரும்பாலும் போய்விடும், புரதம் நிற்கும். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் காட்டில் குவிந்து கிடக்கும் இலையைப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காய்ந்த மரவள்ளி இலை ஒரு மூட்டை, புண்ணாக்கு வாங்கும் காசில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும்.

படி 7: எண்ணெய்ச்சத்து கொண்டு கொழுப்பை ஏற்றுவது

நாரைச் சரிசெய்த பிறகும் கொழுப்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் மட்டும் இந்தப் படி. பசுவுக்கு எண்ணெய் கொடுத்தால் பால் கொழுப்பு சில சமயம் இறங்கிவிடும். வெள்ளாட்டில் பெரும்பாலும் ஏறவே செய்கிறது. நமக்குக் கைவசம் இருக்கும் நல்ல வழி பருத்திக்கொட்டை. முழுக்கொட்டையாகக் கொடுத்தால் எண்ணெய் மெதுவாக வெளியே வரும், நுண்ணுயிர்களைத் தாக்காது, கொட்டையின் நாரும் சேர்ந்து கிடைக்கும். ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 100 கிராமில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கலவையில் 600 கிராம் வைத்தால் 72 கிராம் ஏற்கெனவே போகிறது, அதையும் கணக்கில் சேருங்கள். குட்டிகளுக்கும் பொலிகிடாவுக்கும் வேண்டாம், அதில் காசிப்பால் என்னும் நச்சு உண்டு.

எண்ணெயாக ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. மொத்த உலர்பொருளில் எண்ணெய்ச்சத்து 6 சதவீதத்தைத் தாண்டினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும்.

படி 8: பாலுக்குள் போகக்கூடாதவை

இந்தப் படியை எடுத்தெறிந்துவிடாதீர்கள். பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்லடாக்சின் நச்சு இருக்கும். ஆடு தின்ற மறுநாளே அது எம்1 என்ற வடிவில் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டுப்பால் பெரும்பாலும் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் போகிறது.

ஒரு தடவை நான் வாங்கிய புண்ணாக்கு வெளியே பார்க்க நன்றாக இருந்தது. வில்லையை உடைத்தேன். நடுவில் சாம்பல் பச்சையாக ஒரு படலம், மூக்குக்குக் கொண்டுபோனால் மூடிக் கிடந்த அறையின் வாடை. மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம். காசு போனது வலித்தது. அதிலிருந்து வாங்கும்போதே இரண்டு வில்லையை உடைத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஏற்காட்டில் மேலே வளர்ப்பவர்கள் பனிமூட்டக் காலத்தில் பத்து நாளுக்கு மேல் சரக்கு இருப்பு வைக்காதீர்கள்.

வாசனையும் தீவனத்தோடு பாலில் ஏறும். வெங்காயத்தாள், முள்ளங்கி இலை, முட்டைக்கோஸ் இவற்றைக் கறப்பதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே நிறுத்துங்கள், கறந்த பிறகு போடுங்கள். வேப்பந்தழையையும் நான் அப்படித்தான் கறவைக்குப் பின் போடுகிறேன். கிடா வாடை தனி. அது கிடாவைக் கறவை இடத்திலிருந்து தள்ளிக் கட்டினால் குறையும்.

படி 9: தண்ணீரும் தாதுவும்

சேலத்து வெயிலில் கறவை ஆடு 6, 7 லிட்டர் வரை குடிக்கும். தொட்டி காய்ந்தால் முதலில் விழுவது லிட்டர்தான். மலை மேல் குளிரில் ஆடு குடிக்கத் தயங்கும், வெதுவெதுப்பாக வையுங்கள்.

சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் பாலில் அது குறையாது. ஆடு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். பால் நன்றாக இருக்கிறதே என்று தாது உப்பை நிறுத்தாதீர்கள். அயோடின், செலினியம் போன்றவை மட்டும் தீவனத்தில் எவ்வளவோ அதற்கேற்பப் பாலிலும் கூடும், குறையும்.

படி 10: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். பழையதில் கால்வாசியை எடுத்து, புதியதில் கால்வாசி சேர்த்து, நாலைந்து நாளுக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். என் நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, காலைப் பால், மாலைப் பால், என்ன தழை, எவ்வளவு அடர்தீவனம், புழுக்கை எப்படி, மழையா வெயிலா. 15 நாளுக்கு ஒரு முறை பன்னீர் எடை. போன ஐப்பசிப் பக்கத்தைத் திருப்பினால் "புல் மட்டும், புழுக்கை இளகல்" என்று ஆறு நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறது. எழுதிய நானே அதைப் படிக்கவில்லை. இப்போது ஞாயிறு சாயங்காலம் அந்த வாரத்து ஏழு வரியையும் வாசித்துவிட்டுத்தான் அடுத்த வாரத் தழைக்கு ஏற்பாடு செய்கிறோம்.

இந்த வருடம் வைகாசியில் கடலை பிடுங்கிய காட்டிலேயே பேசி வைத்து, பத்துக் கட்டுக் கொடியை நன்றாகக் காயவைத்துப் பரண் மேல் ஏற்றிவிட்டோம். ஐப்பசி மழைக்கு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.